மர்ஹூம் பெயரில் ஒரு ரசீது: எங்கள் மஹல்லா ஜமாஅத்துக்குத் திறந்த மடல்

அன்புள்ள இமாம் ஹஜ்ரத் அவர்களுக்கும், முத்தவல்லி அவர்களுக்கும், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவில் உள்ள எல்லோருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் தெருவில் டீச்சரம்மா என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 31 வருஷம் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். செயலாளர் தம்பி பிளஸ் டூவில் என்னிடம்தான் படித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் கேள்வி கேட்கத் தயங்காத பிள்ளை. பள்ளிவாசலையும் நம் பொதுக் காரியங்களையும் பார்க்கும் ஜமாஅத்தில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டும், கணக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டும், குடும்ப விவகாரத்தில் பெண் குரலும் கேட்க வேண்டும் என்று இதில் எழுதியிருப்பதை இரண்டு மாதம் முன்பே கடிதமாக ஜமாஅத் அலுவலகத்தில் கொடுத்தேன். பதில் இல்லை. நேரில் கேட்டபோது "பார்க்கலாம் டீச்சர்" என்றார்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். பள்ளிவாசலின் பெயரையோ தெருவின் பெயரையோ போடவில்லை. மதுரையில் வைகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல மஹல்லாக்களில், பள்ளிவாசலைச் சுற்றிய முஸ்லிம் குடியிருப்புகளில், நிலைமை இதுதான். நம்மை மட்டும் சந்தியில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.

விஷயம் ஒரு வெள்ளிக்கிழமை பயான் உரையில் ஆரம்பித்தது. என் வீடு பள்ளிவாசலுக்கு மூன்று வீடு தள்ளி. ஒலிபெருக்கியில் ஒரு சொல் விடாமல் கேட்கும். அன்றைக்கு ஹஜ்ரத் இஸ்லாமும் அரசியலும் பற்றிப் பேசினீர்கள். மேல்நாட்டார் மார்க்கத்தையும் அரசாங்கத்தையும் பிரித்தார்கள், பிரித்துப் பிரித்துக் கடைசியில் கடவுளையே வெளியே தள்ளினார்கள். நம்மிடம் அந்தப் பிரிவினை கிடையாது. ஆட்சி அதிகாரம் அல்லாஹ்வுக்கு மட்டுமே. மனிதனுக்கு மனிதன் சட்டம் போடும் ஜனநாயகம் வெறும் மனிதக் கற்பனை. இதுதான் சாரம். உங்கள் குரலில் உருக்கம் இருந்தது. உங்கள் எண்ணத்தில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

தொழுகை முடிந்து வந்த என் மகள் வயிற்றுப் பேரன் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசையாமலே இருந்தான். போன தேர்தலில்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டான். விரல் மையைப் போட்டோ எடுத்து சொந்தக்காரர் எல்லோருக்கும் அனுப்பியவன். "நன்னிமா, அப்ப நான் ஓட்டுப் போட்டது தப்பா?" என்றான்.

அவனுக்கு அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். யோசிக்க யோசிக்க அந்தப் பதில் நம் ஜமாஅத் ஆபீஸ் மேஜைக்கே வந்து நின்றுவிட்டது. அதையும் சொல்லியாக வேண்டும்.

ஹஜ்ரத், நீங்கள் ஓதியது குர்ஆனில் சூரா யூசுஃப் என்ற அத்தியாயத்தின் 40-ஆவது வசனம். "இனில் ஹுக்மு இல்லா லில்லாஹ்." அதிகாரம் அல்லாஹ்வுக்கே அன்றி இல்லை. இதைச் சொன்னது யூசுஃப் நபி. சொன்ன இடம் எகிப்தின் சிறைச்சாலை. கேட்டவர்கள் கூட இருந்த இரண்டு கைதிகள். பல தெய்வங்களை வணங்கிய அவர்களிடம், வணக்கம் யாருக்கு உரியது என்று அவர் விளக்கிய இடம் அது. அங்கிருந்து பதினைந்து வசனம் தள்ளி வாருங்கள். 55-ஆவது வசனத்தில் அதே யூசுஃப் நபி எகிப்து மன்னரிடம் போய், நாட்டின் களஞ்சியங்களுக்கு என்னைப் பொறுப்பாக்குங்கள் என்று கேட்கிறார். அந்த நாட்டில் நடந்தது மன்னரின் சட்டம் என்பதை 76-ஆவது வசனம் வெளிப்படையாகவே சொல்கிறது. அதிகாரம் அல்லாஹ்வுக்கே என்று முழங்கிய அதே வாய்தான், பஞ்சம் வரப்போகிறது, மக்கள் சாகக் கூடாது என்பதற்காக, வேறொருவருடைய அரசாங்கத்தில் தானியக் கணக்கைக் கேட்டு வாங்கியது. கேட்கும்போது தன் தகுதியாக அவர் சொன்னது இரண்டே சொல்: "ஹஃபீழுன் அலீம்." காப்பவன், அறிந்தவன். எழுத்தும் கணக்கும் தெரிந்தவன் என்று தஃப்ஸீர் ஜலாலைன் என்ற குர்ஆன் விரிவுரை நூலில் ஒரு விளக்கமும் உண்டு. இந்த இரண்டு சொல்லையும் பொருளாளர் அவர்கள் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறேன்.

ஓட்டுப் போட்டது தப்பில்லை என்று பேரனுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். அவன் உடனே, "ஹஜ்ரத் சொன்ன வாசகம் பொய்யா?" என்றான். இல்லை, வாசகம் சத்தியம். ஆனால் அதை எடுத்து எதற்கு உபயோகிக்கிறோம் என்பது தனிக் கேள்வி. இந்தக் கேள்வி நம் வரலாற்றில் மிக ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. 657-இல் சிஃப்பீன் போரில், நபிகளுக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற நாலாவது கலீஃபா அலீ (ரலி) அவர்கள், எதிர்த்து நின்ற முஆவியாவோடு மத்தியஸ்தத்துக்குச் சம்மதித்தபோது, அல்லாஹ்வின் தீர்ப்பை மனிதர் கையில் கொடுத்துவிட்டீர்களே என்று ஒரு கூட்டம் பிரிந்து போனது. "லா ஹுக்ம இல்லா லில்லாஹ்" என்பதுதான் அவர்கள் கோஷம். அலீ (ரலி) சொன்ன பதில் நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும்: சொல் உண்மையானது, ஆனால் அதைக் கொண்டு அவர்கள் நாடுவது தவறானது. குர்ஆன் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் எழுதப்பட்ட வரிகள், அது தானாகப் பேசாது, மனிதர்கள்தான் அதைக் கொண்டு பேசுகிறார்கள் என்றும் அவர் சொன்னதாக அறிவிப்பு இருக்கிறது. 661-இல் கூஃபாவின் பள்ளிவாசலில் அவரை வெட்டியது, காரிஜீக்கள் என்று பெயர் பெற்ற அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

தயவுசெய்து தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹஜ்ரத்தை அந்தக் கூட்டத்தோடு சேர்க்க வரவில்லை, அல்லாஹ் காப்பானாக. "அல்லாஹ்வின் ஆட்சி" என்று யார் சொன்னாலும், அதை விளங்கிச் சொல்வது ஒரு மனிதர் என்பதை மறந்துவிடக் கூடாது என்கிறேன். மௌலானா மௌதூதி 1941-இல் லாகூரில் ஜமாஅத்தே இஸ்லாமியைத் தொடங்கி, இறையாண்மை இறைவனுக்கே என்பதை ஒரு அரசுக் கொள்கையாகவே கட்டினார். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 1938-இல், தேவ்பந்த் மதரஸாவின் மௌலானா ஹுசைன் அஹ்மது மதனீ, பல மதத்தார் சேர்ந்து ஒரே தேசமாக வாழலாம், மதீனாவில் நபிகள் (ஸல்) யூதக் கோத்திரங்களோடு செய்த உடன்படிக்கையே அதற்கு ஆதாரம் என்று எழுதினார். இருவரும் ஓதியது ஒரே குர்ஆன். நம் பக்கத்துத் திருநெல்வேலிக்காரர் காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து மார்க்க உரிமைக்கும் வாதாடினார், தமிழைத் தேசிய மொழியாக்க வேண்டும் என்றும் வாதாடினார். மனிதர் செய்யும் சட்டம்தானே என்று அவர் எழுந்து வெளியே போகவில்லை.

சரி, மேல்நாட்டார் கதைக்கு வருகிறேன். இதை வகுப்பில் நடத்தும்போது பிள்ளைகள் அசையாமல் கேட்பார்கள்.

1077-ஆம் வருஷம் ஜனவரி மாதம். ஜெர்மனியின் மன்னர் நான்காம் ஹென்றி, இத்தாலியில் கனோசா என்ற கோட்டையின் வாசலில் கொட்டும் பனியில் மூன்று நாள் வெறுங்காலோடு காத்து நின்றார். உள்ளே இருந்தவர் போப் ஏழாம் கிரிகோரி. அவர் மன்னரைக் கிறிஸ்தவச் சபையை விட்டு விலக்கி வைத்திருந்தார். மன்னிப்புக் கிடைத்தால்தான் மன்னருக்கு நாடு மிஞ்சும். அந்தச் சபைக்குச் சொந்த நிலம், சொந்த நீதிமன்றம், சொந்த வரி எல்லாம் இருந்தன. பிறப்பு, கல்யாணம், உயில், அடக்கம் எல்லாவற்றிலும் அதன் கை. 1517-இல் ஜெர்மன் துறவி லூதர் எதிர்த்து எழுந்த பிறகு அந்தச் சபை உடைந்தது. 1618 முதல் 1648 வரை முப்பது வருஷம் ஐரோப்பாவின் நடுப்பகுதி போரில் எரிந்தது. அந்தச் சாம்பல் ஆறுவதற்குள் இங்கிலாந்துச் சிந்தனையாளர் ஹாப்ஸ் 1651-இல் எழுதினார், அதே நாட்டு லாக் 1689-இல் எழுதினார். சபையை அரசனுக்குக் கீழே வை என்றார் ஹாப்ஸ், அரசாங்கத்தையும் சபையையும் பிரித்து வை என்றார் லாக். அந்த நோய்க்கு அவர்கள் அரைத்த மருந்து அது.

லாக் கடவுளைத் தள்ளியவர் இல்லை. நம்பிக்கையுள்ள கிறிஸ்தவர். மன்னனின் வாள் உடம்பைத்தான் வளைக்கும், ஆன்மாவைக் காப்பாற்றாது, நம்பிக்கை உள்ளே இருந்து வர வேண்டும் என்பதுதான் அவர் வாதம். "லா இக்ராஹ ஃபித்தீன்" மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்று குர்ஆனின் அல்பகரா அத்தியாயத்து 256-ஆவது வசனம் சொல்வதற்கு இது எவ்வளவு பக்கம்! சகிப்புத்தன்மை பற்றிய அந்தக் கடிதத்தில், யூதரையும் முஸ்லிமையும் மதத்தைக் காரணம் காட்டிக் குடிமை உரிமையில் இருந்து விலக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார். இங்கிலாந்தில் முஸ்லிம்கள் அநேகமாக இல்லாத காலத்தில் எழுதிய வரி அது. இதைக் கரும்பலகையில் எழுதும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்குத் தொண்டை அடைக்கும். அதே கடிதத்தில் நாத்திகருக்கு இடம் கொடுக்க மறுத்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன்.

அப்புறம், மேற்கு என்பது ஒரே வீடும் இல்லை. இங்கிலாந்தில் இன்றைக்கும் மன்னர்தான் சபைக்குத் தலைவர். பிரபுக்கள் அவையில் 26 பிஷப்புகள் உட்காருகிறார்கள். பிரான்சில் 1905-ஆம் வருஷச் சட்டம் சபையைக் கறாராக வெளியே நிறுத்தியது. அமெரிக்காவில் 1791-இல் வந்த முதல் திருத்தம், அரசாங்கம் எந்த மதத்தையும் நிறுவவும் கூடாது, தடுக்கவும் கூடாது என்றது. மூன்றும் மூன்று மாதிரி.

நம்மிடம் போப் கிடையாது. பனியில் மன்னனை நிறுத்த ஒரு சபை கிடையாது. ஆகவே அவர்கள் பிரித்த பொருளே நம்மிடம் வேறு. அதற்காக மார்க்கமும் அரசாங்கமும் நம்மிடம் ஒட்டியே கிடந்தன என்று சொல்லிவிட முடியுமா? நம்முடையது ஹனஃபி மஹல்லா. அந்த வழியை வகுத்த நம் இமாம் அபூ ஹனீஃபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கலீஃபா மன்சூர் காஜி என்ற நீதிபதி பதவியைக் கொடுத்தார். எனக்குத் தகுதியில்லை என்றார் இமாம். பொய் சொல்கிறீர் என்றார் கலீஃபா. அப்படியானால் பொய்யனை எப்படிக் காஜியாக்குவீர்கள் என்றார் இமாம். சிறைக்குப் போனார், 767-இல் பக்தாதில் இறந்தார். அடுத்த நூற்றாண்டில், 833-இல், கலீஃபா மஃமூன் குர்ஆன் பற்றிய ஒரு கொள்கையை அரசாங்க உத்தரவாகவே போட்டு மார்க்க அறிஞர்களான ஆலிம்களைக் கூப்பிட்டு விசாரித்தார். இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த கலீஃபாவின் காலத்தில் சாட்டையடி வாங்கினார். பின்னால் ஆட்சியாளர்தான் அந்த உத்தரவை விட்டுவிட்டார். இமாம் தன் சொல்லை விடவில்லை. நம் மார்க்கத்துக்கு அரசியலில் உள்ள இடம் என்று நான் நினைப்பது இதைத்தான். அரசனைக் கேள்வி கேட்கும் இடம். அந்த இடத்தில் நிற்க வேண்டுமானால் அரண்மனைக்கு வெளியே நிற்க வேண்டும்.

இதற்குத் தூரத்து பக்தாத் வரை போக வேண்டாம், நம் மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. 1335-இல் டெல்லியை உதறிவிட்டு ஜலாலுத்தீன் அஹ்சன் ஷா இங்கே சுல்தான் ஆனார். சுமார் பத்து வருஷத்துக்குள் மதுரை ஐந்து சுல்தான்களைப் பார்த்துவிட்டது. பெரும்பாலும் கொலையும் போரும்தான் ஆளை மாற்றின. நாலாவது சுல்தான் கியாசுத்தீன் காலத்தில் மொராக்கோப் பயணி இப்னு பதூதா வந்தார். அவரும் அஹ்சன் ஷாவின் மகளைக் கட்டியவர், கியாசுத்தீனும் அஹ்சன் ஷாவின் மகளைக் கட்டியவர். நம் முறையில் சகலை. டெல்லியில் காஜியாக இருந்தவர் இப்னு பதூதா. சகலை வீட்டு விருந்துச் சோற்றில் கை வைத்திருக்கும்போது, பிடிபட்ட ஒரு இந்துவையும் அவர் மனைவியையும் ஏழு வயதுப் பிள்ளையையும் கொண்டுவந்தார்கள். அந்த இடத்திலேயே தலையை வெட்டச் சுல்தான் கை காட்டினார். இப்னு பதூதா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்தார். பெண்களையும் பிள்ளைகளையும் கொல்லும் இந்தக் கொடுமையை வேறெந்த அரசனிடமும் கண்டதில்லை, இதனால்தான் அல்லாஹ் அவன் சாவை விரைவாக்கினான் என்று தன் பயண நூலில் எழுதி வைத்தார். சொந்தம், மார்க்கம் இரண்டும் ஒன்றாக இருந்தும் எழுதி வைத்தார். அந்தச் சுல்தான்களின் ஆட்சி 1378-ஐ ஒட்டி விஜயநகரத்தாரிடம் முடிந்தது. பிற்பாடு ஆற்காட்டு நவாபு காலமும் கொஞ்சம் உண்டு. மற்றபடி, காஜிமார் பெரிய பள்ளிவாசலுக்குப் பாண்டிய மன்னர் இடம் கொடுத்தார் என்று நம் பெரியவர்கள் சொல்லும் காலத்தில் இருந்து இன்று வரை, இந்த ஊரில் நாம் பெரும்பாலும் வேறு மதத்து அரசர்களின் கீழேயும், அப்புறம் வெள்ளைக்காரன் கீழேயும், பிறகு நம் அரசியல் சட்டத்தின் கீழேயும்தான் வாழ்ந்தோம். சிம்மாசனம் இல்லாமலே நோன்புக் கஞ்சி காய்ச்சினோம், அடக்கம் செய்யும் மையவாடியைப் பார்த்தோம், கல்யாணம் எழுதினோம், சண்டை தீர்த்தோம். அதையெல்லாம் செய்தது ஜமாஅத். மதுரை முஸ்லிம்கள் தங்கள் கையால் நடத்திய அரசாங்கம் என்று ஒன்று உண்டு என்றால் அது இந்த ஜமாஅத்துதான்.

அதனால்தான் எனக்கு இந்த வலி.

மேற்குக்கும் நமக்கும் உள்ள வித்தியாசத்தில் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது ஒன்று. நம்மிடம் நெறி இருந்தது, ஏற்பாடு இல்லை. "அவர்களுடைய காரியம் அவர்களுக்குள் கலந்தாலோசனை" என்று ஷூராவை அல்லாஹ் தொழுகையோடும் தர்மத்தோடும் சேர்த்து ஒரே வசனத்தில் சொன்னான், 42:38. முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) பொறுப்பேற்ற அன்று, நான் உங்களில் சிறந்தவன் இல்லை, சரியாக நடந்தால் உதவுங்கள், தவறினால் திருத்துங்கள் என்றார். இதை விடப் பெரிய பதவியேற்பு உரையை நான் எந்த நாட்டுப் பாடப் புத்தகத்திலும் நடத்தியதில்லை. ஆனால் எப்படித் திருத்துவது? எந்தக் கதவைத் தட்டுவது? தேர்ந்தெடுக்கும் முறையே நாலு கலீஃபாவுக்கும் நாலு விதம்: ஒருவரைக் கூட்டத்தில் தேர்ந்தார்கள், ஒருவரை முன்னவர் முன்மொழிந்தார், ஒருவரை ஆறு பேர் குழு தேர்ந்தது, ஒருவரை மதீனா மக்கள் கேட்டுக்கொண்டார்கள். விலக்கும் முறை என்று ஒன்று வகுக்கப்படவே இல்லை. மூன்றாவது கலீஃபா உஸ்மான் (ரலி) மீது குறை சொல்லி வந்தவர்களுக்கு அந்தக் குறையைக் கொண்டுபோய் வைக்க ஒரு மன்றம் இல்லாமல் போனது. 656-இல் வீட்டை முற்றுகையிட்டு, குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவரைக் கொன்றார்கள். சில வருஷத்தில் முஆவியா, அவருக்குப் பின் மகன் யஸீத். ஷூரா போய் வாரிசு வந்தது. ஆலிம்கள் கண்டித்தார்கள், ஒதுங்கினார்கள், அடிபட்டார்கள். ஆளை மாற்ற வழி இல்லை.

மேற்கு அந்த வழியைக் கண்டுபிடித்தது. அதுவும் ரத்தம் சிந்தித்தான். பதவிக்குக் காலவரை, ரகசிய ஓட்டு, தணிக்கை, தனி நீதிமன்றம். 1801-இல் அமெரிக்காவில் தோற்ற ஜான் ஆடம்ஸ், ஜெயித்த ஜெஃபர்சனுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு விடியற்காலையில் ஊருக்கு வண்டி ஏறினார். 1967-இல் நம் பக்கத்து விருதுநகரில் காமராஜரே தோற்றார். மறுநாளும் அவர் காமராஜராகவே தெருவில் நடந்தார். இந்த ஏற்பாட்டை மனிதக் கற்பனை என்று தள்ள எனக்கு மனமில்லை. ஷூராவுக்குக் கை கால் முளைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

மேற்கில் எனக்குக் குறையும் உண்டு. சுதந்திரம் பேசிய லாக் அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார். சமத்துவம் எழுதிய ரூசோ பெண்களை அடுப்படியில் விட்டார். பிரான்சில் பெண்ணுக்கு ஓட்டு 1944-இல், சுவிட்சர்லாந்தில் 1971-இல். நம் சென்னை மாகாணம் 1921-இலேயே சொத்து வரம்போடு கொடுத்துவிட்டது. உரிமையில் இருந்து தொடங்கும் அவர்கள் சிந்தனையில் அமானிதம், அதாவது நம்பி ஒப்படைத்த பொறுப்பு, என்ற கனம் கொஞ்சம் குறைவு என்றும் எனக்குத் தோன்றும். சூரா நிஸாவின் 58-ஆவது வசனம் அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது, நீதியாகத் தீர்ப்பளிக்கச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் 59, உங்களில் அதிகாரம் உடையவர்களுக்குக் கட்டுப்படுங்கள் என்கிறது. 59-ஐ நம் பயானில் அடிக்கடி கேட்கிறேன். 58-ஐ இன்னும் கொஞ்சம் அடிக்கடி கேட்க ஆசை.

இப்போது ஆபீஸ் மேஜை.

என் வீட்டுக்காரர் மவுத்தாகி நாலு வருஷம் ஆகிறது. சந்தா வாங்க வரும் தம்பி மாதா மாதம் முதல் வாரம் வந்துவிடுவார். நான் என் பென்ஷனில் இருந்து 200 ரூபாய் கொடுப்பேன். அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்று ரசீது எழுதுவார். மஞ்சள் ரசீது. பெயர் எழுதும் கோட்டில் முதலில் "மர்ஹூம்" என்று, காலமானவர் என்ற பொருளில், எழுதி, அப்புறம் அவர் பெயரை எழுதுவார். 48 ரசீதும் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. என் பெயர் ஒன்றில்கூட இல்லை. போன நிர்வாகத் தேர்தலுக்கு ஒட்டிய வாக்காளர் பட்டியலில் அவர் பெயரைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். இறந்தவர் பெயரை அடிப்பது சரிதான். ஆனால் அந்த வீடே பட்டியலை விட்டுப் போய்விட்டது. ஏனென்றால் வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவும் ஆண் ஓட்டு. என் வீட்டில் ஆண் இல்லை; பேரன் மகள் வீட்டுப் பிள்ளை, என் வீட்டுக் கணக்கில் வரமாட்டான். நம் தெருவில் என்னைப் போல் பதினோரு வீடு. கைவிரலால் எண்ணித்தான் சொல்கிறேன். நர்ஸ் வேலை பார்ப்பவர், தையல் மிஷினில் முதுகு ஒடிபவர், இட்லிக் கடை வைத்திருப்பவர். எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள்.

கணக்கும் அப்படித்தான். செருப்பு வைக்கும் இடத்துக்கு மேலே கண்ணாடி போட்ட அறிவிப்புப் பலகை. உள்ளே மூன்று வருஷத்துக்கு முந்திய வரவு செலவுத் தாள், வெயில் பட்டு எழுத்து வெளுத்து, பக்கத்தில் ஒரு பழைய ரமலான் சஹர் அட்டவணை. வக்ஃப் வாரியத்துக்கு வருஷா வருஷம் கணக்குக் கொடுப்பதாகச் சொல்கிறீர்கள், நம்புகிறேன். யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கொடுத்தவர்களுக்குக் காட்டாத கணக்கு எப்படி அமானிதம் ஆகும்? பொருளாளர் அவர்களே, "ஹஃபீழ்" என்பதில் உங்களுக்குக் குறை இல்லை. "அலீம்" என்பது நமக்கும் தெரிய வேண்டும்.

இன்னொன்று. இதை எழுத நடுக்கமாக இருக்கிறது. போன வருஷம் நம் மஹல்லாப் பெண் ஒருத்தியின் குலா, அதாவது மனைவி கேட்கும் மணவிலக்கு, விவகாரம் ஆபீஸில் நடந்தது. இரவு இஷா தொழுகைக்குப் பின். உள்ளே ஏழு பேர், எல்லோரும் ஆண்கள். அவள் வெளியே படியில் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் சொல்ல வேண்டியதை அவள் தாய்மாமன் உள்ளே போய்ச் சொன்னார். அவர் வெளியே வந்து முடிவைச் சொன்னார். அவருக்குத் தெரியாத விஷயங்கள் அவளிடம் இருந்தன. மாமனிடம் சொல்லக் கூசும் விஷயங்கள். அவை அந்த அறைக்குள் போகவே இல்லை. முடிவு அவளுக்குச் சாதகமா பாதகமா என்பது பற்றி நான் பேசவில்லை. அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

58-ஆவது சூராவின் பெயரே அல்முஜாதிலா. வாதாடும் பெண். கவ்லா பின்த் ஸஃலபா தன் கணவர் பற்றி நபிகளிடம் (ஸல்) நேரில் நின்று வாதாடினார். "தன் கணவர் விஷயமாக உம்மிடம் வாதிட்டவளின் சொல்லை அல்லாஹ் கேட்டுக்கொண்டான்" என்றுதான் அந்தச் சூரா தொடங்குகிறது. பிற்காலத்தில் கலீஃபா உமர் (ரலி) தெருவில் அந்த அம்மாவுக்காக நின்றுவிட்டார். ஒரு கிழவிக்காக இவ்வளவு நேரமா என்று கூட வந்தவர் கேட்டபோது, ஏழு வானங்களுக்கு மேலிருந்து அல்லாஹ் கேட்ட குரல் இது, உமர் கேட்காமல் போவானா என்றாராம். இதை ஹஜ்ரத் நீங்களே ஒரு பயானில் உருகிச் சொன்னீர்கள். நான் மாடியில் நின்று கேட்டு அழுதேன்.

பெண்ணுக்கு ஓட்டா, இது மேல்நாட்டுப் பழக்கம் என்று சிலர் சொல்வார்கள் என்று தெரியும். மதீனாக்காரர்கள் நபிகளிடம் (ஸல்) கொடுத்த அகபாவின் இரண்டாவது உறுதிமொழியில் எழுபதுக்கு மேற்பட்ட ஆண்களோடு இரண்டு பெண்களும் இருந்தார்கள். பெண்களிடம் பைஅத் என்ற உறுதிமொழியை வாங்கச் சொல்லித் தனி வசனமே இருக்கிறது, 60:12. மக்காவுக்குள் போக முடியாமல் ஹுதைபியாவில் எல்லோரும் மனம் உடைந்து சொல் கேளாமல் உட்கார்ந்திருந்தபோது, நபிகளின் மனைவி உம்மு ஸலமா (ரலி) சொன்ன யோசனைப்படி நபிகள் (ஸல்) வெளியே போய் முதலில் தானே குர்பானி கொடுத்துத் தலையை மழித்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். நான் தொழுகை வரிசையை மாற்றச் சொல்லவில்லை. பிரசங்க மேடையான மிம்பரைக் கேட்கவில்லை. ஜமாஅத்தின் காரியம் நம் எல்லோருடைய காரியம் என்பதால் ஷூராவில் இடம் கேட்கிறேன்.

2025-இல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்தபோது நீங்கள் கருப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றீர்கள். எங்கள் சொத்தை நிர்வாகம் செய்யும் உரிமையில் எங்களைக் கேட்காமல் கை வைக்காதே என்றீர்கள். நியாயமான குரல். நானும் கையெழுத்துப் போட்டேன். பெண்களிடம் வீடு வீடாகப் போய் வாங்கியும் கொடுத்தேன். அந்தத் தாளில் எங்கள் கையெழுத்து செல்லும் என்றால் ஓட்டுச் சீட்டிலும் செல்லும். 2013-இல் நடந்த திருத்தத்தில் இருந்தே மாநில வக்ஃப் வாரியத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். வாரியத்தில் உட்காரலாம், அந்த வாரியத்தின் கீழ் உள்ள மஹல்லாவில் ஓட்டுப் போட முடியாது என்பதை என் பேத்திக்கு நான் எப்படி விளக்குவேன்?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. 18 வயது நிரம்பிய ஆண், பெண் எல்லோரையும் பட்டியலில் சேருங்கள். மாதக் கணக்கை அந்தக் கண்ணாடிப் பலகையில் ஒட்டுங்கள். குடும்ப விவகாரம் பேசும் நாளில் இரண்டு பெண்களை உள்ளே உட்கார வையுங்கள்; யார் என்பதை மஹல்லாப் பெண்களே சொல்லட்டும். அப்புறம், ஹஜ்ரத், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதரஸா ஹாலில் பிள்ளைகளைக் கூட்டுவோம். நீங்கள் ஷூரா பற்றியும் அபூ ஹனீஃபா பற்றியும் சொல்லுங்கள், நான் லாக் பற்றியும் கனோசாப் பனி பற்றியும் சொல்கிறேன். என் பேரன் முதல் வரிசையில் உட்காருவான். இன்னும் அவன் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை. உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்கிறான்.

அடுத்த நிர்வாகத் தேர்தலுக்குப் பட்டியல் தயாராகிறது என்று கேள்விப்பட்டேன். வரும் திங்கட்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் ஆபீஸுக்கு வருகிறேன். என் பெயரைச் சேர்க்கக் கோரும் மனு, ஆதார் நகல், பிஸ்கட் டப்பா மூன்றையும் கொண்டுவருகிறேன். பதினோரு வீட்டுப் பெண்களும் கூட வருகிறார்கள். நாற்காலி போதாவிட்டால் பாய் போதும். இந்த மாதச் சந்தாவை அங்கேயே கட்டிவிடுகிறேன். ரசீதை என் பெயரில் எழுதிக் கொடுங்கள்.

வஸ்ஸலாம்,
உங்கள் மஹல்லாவின் டீச்சரம்மா
மதுரை